வேம்பாரில் நாலு தேசம் காட்டுகிறவன்

சிலுவை நாற்பத்திரண்டு பெண்களுக்கு ஆளுக்கு நாலு ரூபாய் கடன்பட்டிருந்தான். ஆகையால் காலையில் சைக்கிள் கடை திறக்கப் போகும்போது மீன் ஏலம் போடுகிற கரைப்பக்கம் தலைகாட்டவே மாட்டான். மாதா கோயில் பின்சுவரை ஒட்டி, உடைமர முள்ளுக்குள் புகுந்து, வேட்டியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து சேருவான். நேர் வழியில் வந்தால் நாலு நிமிடம். அவன் வழியில் இருபது. கேட்டால், "நடந்தா ஒடம்புக்கு நல்லது அண்ணாச்சி" என்பான்.

நடக்கிற உடம்பா அது! தோணியில் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் பாய்மரம் விழுந்து இடது முழங்கால் போயிற்று. மடங்காது. ஐந்து வாடகை சைக்கிளுக்குச் சொந்தக்காரன், ஒன்றில்கூட ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே திரிகிறவன், தமிழ்நாட்டிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

என் கடைக்கு நேர் எதிரே அவன் கடை. நான் தலையில் உப்பு மூட்டை சுமந்து ஆரம்பித்தவன். மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கு இரண்டு லாரி என் பேரில் ஓடுகிறது. ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவேன், தராசு வேண்டாம். சிலுவை விஷயத்தில் மட்டும் குறைத்துப் போட்டுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவனுக்கு ஒரே பைத்தியம்: எங்கள் ஊரைச் சினிமாவில் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று இரண்டு கை விரல்களையும் சட்டம்போல் கோத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பனைமரத்தைப் பார்ப்பான். தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து சலவைச் சட்டையோடு யார் இறங்கினாலும் "சார் சினிமாவா?" என்று போய் நிற்பான். ஒருமுறை மலேரியா ஒழிப்புக்கு வந்த அதிகாரியை அரை நாள் உப்பளம் முழுக்கச் சுற்றிக் காட்டினான். அந்த மனிதரும் கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ரசித்துவிட்டுப் போனார்.

"இங்கன ரெண்டு மைலுக்குள்ள நாலு தேசம் இருக்கு சார்" என்று தொடங்குவான். "உப்பளத்துல அம்பாரத்துக்கு நடுவ நின்னா காஷ்மீரு. செம்மணல் காட்டுக்குப் போனா அரபு நாடு. மாதா கோயில் வாசல்ல கேமராவ வச்சா கோவா. திரும்பி நின்னா கடலு, அது எந்த நாட்டுக்கும் பொருந்தும்!"

ஓர் அரைக்குயர் நோட்டு வைத்திருக்கிறான். எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில் கடல் என்ன நிறம் என்று குறித்திருப்பான். பட்டணத்துக் கம்பெனிக்காரர் ஒருவர், "கடலில் சூரியன் அஸ்தமிக்கிற காட்சி வேண்டும்" என்றாராம். "எங்க ஊர்ச் சூரியன் கடல்ல குளிச்சிட்டு எந்திரிக்கிறவன் சார், அங்கன போய் விழமாட்டான். காலைல உதிக்கிறத எடுத்துட்டு சாயங்காலம்னு சொல்லுங்க. டிக்கட்டு வாங்குனவனா வந்து கடிகாரத்தப் பாக்கப் போறான்?" என்று யோசனை சொல்லியனுப்பினான்.

கடன் வந்த கதைக்கு வருகிறேன். எழுபத்திரண்டில் ஒரு கம்பெனி வந்தது. தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் கரையில் ஓட வேண்டும். ஓடினார்கள், ஐந்து தடவை. "சாயங்காலம் தூத்துக்குடி லாட்ஜில் கணக்கு முடிப்போம்" என்று சொன்ன மேனேஜர், சாயங்காலம் லாட்ஜில் இல்லை. படமும் வரவில்லை. "துட்டுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி ஆள் கூட்டியவன் சிலுவை. அன்றிலிருந்து முள்ளுக்காடுதான் அவனுக்கு ராஜபாட்டை.

நாலு வருஷம் கழித்து, போன மாசியில், இன்னொரு கம்பெனி வந்தது. வள்ளம் கவிழ்ந்து போகிறது. செய்தி கேட்டுக் கரையில் பெண்கள் கதறுகிறார்கள். அதுதான் காட்சி. நாற்பது பெண்கள் கிடைத்தால் பத்து நாள் இங்கேயே தங்கி மற்றதையும் எடுப்போம், இல்லாவிட்டால் வேறு கரை பார்ப்போம் என்றார் மேனேஜர். சிலுவை முதன்முறையாக முள்ளுக்காட்டை விட்டு ஏலக்கரைக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிளாரன்ஸ் இடுப்பில் கைவைத்தாள். அந்தக் கரையில் அவள் வைத்ததுதான் விலை. "ஏலே சிலுவை, வழி தெரிஞ்சிட்டா? போன தடவ ஓட வச்ச. இந்தத் தடவ அழ வைக்க வந்திருக்கியா? துட்டு வராததுக்கே நாங்க அழுது முடிச்சாச்சிலே."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"துட்டு கெடக்கட்டும். எம் புருசன் கடல்ல இருக்கையில நான் இங்கன நின்னு மாரடிச்சா, கடல் அத மெய்யின்னு எடுத்துக்கிட்டா என்ன செய்ய? கடலுக்குச் சினிமான்னா தெரியுமாலே?"

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. கடலுக்குப் போனவன் இருக்க, கரையில் நின்று அழுகிற வழக்கம் அங்கே இல்லை. ஆட்கள் கரையில் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கம்பெனிக்கும் நேரமில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். நல்ல யோசனைதான். என் லாரியை விளாத்திகுளம் பக்கம் அனுப்பி, கரிசல் காட்டுப் பெண்களை வரவழைத்தேன். டீசல் என் செலவு. அவர்களும் வஞ்சகமில்லாமல் அழுதார்கள். ஆனால் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். டைரக்டர், "கடலைப் பார்த்து அழுங்கம்மா" என்று தொண்டை வற்றக் கத்தினார். அவர்களில் மூத்தவள் தங்கத்தாய் கேட்டாள்: "எழவு வீட்ல எவளாச்சும் வெளிய வேடிக்க பாத்துக்கிட்டு அழுவாளா?" லாரி திரும்பிப் போயிற்று.

மறுநாள் விடியுமுன்னே சிலுவை மறுபடி ஏலக்கரையில் நின்றான்.

"பிளாரன்ஸக்கா, இன்னைக்கு ஒரு வள்ளமும் எறங்க வேண்டாம். ஒங்க புருசமார அத்தன பேரையும் கேமராவுக்குப் பின்னால, தண்ணி ஓரத்துல, வரிசையா உக்காத்தி வைக்கேன். அவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டே அழுங்க. கடல் எண்ணிப் பாத்தாலும் ஆள் கொறையாது."

பிளாரன்ஸ் கரையில் கிடந்த வள்ளங்களை விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "சும்மா உக்காந்தா எம் புருசனுக்கு அன்னன்னக்கி மீன்பாட்டுத் துட்ட யாரு தருவா?" என்றாள். சம்மதம் என்று அர்த்தம்.

மேனேஜர் குதித்தார். "என்னய்யா, சும்மா உக்கார்றதுக்குக் கூலியா?"

"சும்மா இல்ல சார். அவுக உக்காந்தாத்தான் இவுக அழுவாக."

பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு ஐந்து, சிலுவைக்குக் கமிஷன் நூற்று எழுபத்தைந்து. பேசி முடித்ததும் சிலுவை பெண்களிடம் நொண்டிக்கொண்டே போய் என்னவோ கிசுகிசுத்தான். எனக்குக் கேட்கவில்லை.

கேமரா ஓடியது. முதலில் ஆண்களுக்கு ஒரே இளிப்பு. பிளாரன்ஸ் நெஞ்சில் அடித்து, "என் ராசா, என்னய விட்டுட்டு எங்க போனிய!" என்று கூப்பிட்டபோது, அவள் புருஷன் பர்னபாஸ் பீடியும் வாயுமாக, "ஏளா, இங்கனதான இருக்கேன்" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே இரண்டாம் தரம் கூப்பிட்டாள். பர்னபாஸ் பீடியை எடுத்து மணலில் புதைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வரிசையில் இளிப்பு நின்றுபோயிற்று. எத்தனையோ பார்த்தவன் நான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டைரக்டர் "கட்!" என்றார். அழுகை நிற்கவில்லை.

மறுபடி "கட்!" சத்தம் கூடியது. அடுத்து கதாநாயகி பேசி நடிக்க வேண்டும். அவள் சொல்வது பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கவில்லை. மேனேஜர் ஓடிவந்தார். "நிறுத்தச் சொல்லுய்யா! சாயங்காலம் லாட்ஜில் வந்து கணக்கு வாங்கிக்கலாம்!"

லாட்ஜ் என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்பத்திரண்டு பேரும் இன்னும் ஒரு கட்டை உயர்த்தினார்கள்.

"சார், எங்க ஊர்ப் பொம்பளையளுக்கு இங்கிலீசு தெரியாது" என்றான் சிலுவை, மிகப் பணிவாக. "துட்டுன்னு சொல்லிப் பாருங்க. நின்னுரும்."

காரிலிருந்து பணப்பை வந்தது. நின்றது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் அங்கேயே பட்டுவாடா முடிந்தது. டைரக்டர் சிலுவையின் தோளில் கைபோட்டு, அந்தச் செம்மணல் காட்டை எப்போது காட்டுவாய் என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, தன் கமிஷனை வாங்கிய கையோடு சிலுவை ஒரு வள்ளத்தின் மேல் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தான். பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் பணம் வைத்தான். கடைசியில் பிளாரன்ஸ்.

"கூலி வாங்கியாச்சே, இது எதுக்குலே?"

"இது ஓடுனதுக்கு அக்கா."

"நாலு வருசத்துக்கு வட்டி?"

"கோவாவுல வச்சு ஒங்க மூஞ்சிய ஒரு படம் எடுக்கச் சொல்லுதேன்."

"போலே" என்று அவள் முந்தானையில் கண்ணையும் கையையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்தாள். அவன் எச்சில் தொட்டு, ஊருக்கே கேட்கும்படி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒற்றை ரூபாய்த் தாள்களை அதில் வைத்தான்.