ஒரு சொல்லும் பன்னிரண்டு கதிரைகளும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்தேன். கட்டில் விரிப்பைத் தனி ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனையில் நான், அந்த முனையில் ஓர் அமெரிக்கப் பெண். கறுப்பினத்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சுவிஸ்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து வந்தவர். எனக்குக் கன்னியாஸ்திரிகள் படிப்பித்த இங்கிலிஷ் இருந்தது. அவருக்கு அந்த ஊர் மொழியான டொச் வரவில்லை. அதனால் அந்தக் கட்டடத்தில் மனம்விட்டுக் கதைத்தவர்கள் நாங்கள் இருவரும்தான்.

சமையலறையில் கோப்பை கழுவியவர்கள் எங்கள் தமிழ் ஆட்கள், ஐந்து பேர். அவர்களுக்கு அவர் "காப்பிலி". கறுப்பினத்தவர்களுக்கு எங்கள் ஊரில் வழங்கும் சொல் அது. மரியாதையான சொல் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ரயில் ஸ்டேசனில் பொலிஸ் மறித்து அகதிக் கார்டைக் கேட்கும்போது நாங்கள் எல்லோரும் கறுப்பர். சமையலறைக்குள் வந்ததும் மாநிறமாகிவிடுவோம். நானும் வீட்டில் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். இதை ஒளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒருநாள் விரிப்பை மடிக்கும்போது அவர் கேட்டார், காப்பிலி என்றால் என்ன என்று. கோப்பி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நாங்கள் சொல்வது கோப்பிதான். இந்தியாவில் காப்பி என்பார்கள் என்று இந்தியாவையும் பொய்க்குத் துணையாக இழுத்தேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் ஒன்பது மணி இடைவேளைக்குச் சமையலறைக்குப் போய், கப்பை நீட்டி, "காப்பிலி, பிளீஸ்" என்றார். ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் இது நடந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பாண் சாப்பிட்டேன்.

அந்த நாட்களில்தான் அமெரிக்காவிலிருந்து தம்பி ஒரு ஞாயிறு மத்தியானம் போன் எடுத்தான். அவன் அங்கே இஞ்சினியர், சிட்டிசனும் ஆகிவிட்டான். ஜூரியில் இருக்கச் சொல்லிக் கோர்ட் கூப்பிட்டு, பன்னிரண்டு பேரில் ஒருவனாக எடுத்தும்விட்டது, வழக்கு நடக்கிறது என்றான். குரலில் அப்படியொரு பெருமை.

"வெளியில கதைக்கக் கூடாதெண்டு சொன்னவை அக்கா. தமிழில கதைச்சால் ஆருக்கு விளங்கப்போகுது?" என்று சிரித்தான்.

வழக்கு இதுதான். கார்க் கண்ணாடியை உடைத்துக் கைப்பை ஒன்றை யாரோ எடுத்திருக்கிறார்கள். பொலிஸ் பஸ் தரிப்பில் நின்ற பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனைப் பிடித்திருக்கிறது. பை அவனிடம் இல்லை. வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு மனிசி, ஓடினவன் இவன்தான் என்றாள்.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"காப்பிலிப் பெடியன் அக்கா. முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

"பன்னிரண்டு பேரில அவன்ர ஆக்கள் எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்லை. ரெண்டு பேர் வந்தவை. அரசாங்க வக்கீல் என்னவோ கேட்டுப்போட்டு வீட்டை அனுப்பிப்போட்டார்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எண்பதுகளில் கொழும்பில் இவனை அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்துப் பிடித்துப் பதினொரு நாள் அடைத்து வைத்தார்கள். அம்மா பொலிஸ் ஸ்டேசன் வாசலில் கிடந்தார். அதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றான்.

திங்கட்கிழமை சலவை அறையில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சொல்லி வரும்போது, தம்பி பாவித்த சொல்லில் வந்து முட்டிக்கொண்டேன். அதை மறைத்தால் கதை பாதியாகிவிடும். அதனால் அந்தச் சொல் கோப்பி அல்ல என்பதையும் சொன்னேன். அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை, அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அவர் விரிப்பை விடவில்லை. மூன்றாம் நாளே தெரியும் என்றார். கோப்பிக்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லையாம். அந்தச் சொல் தன் வாயாலேயே வரட்டும், அவர்களும் தன் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும், எத்தனை நாளைக்குத்தான் சிரிப்பார்கள் பார்ப்போம் என்று இருந்தாராம். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் நான் இதைச் சொல்வதற்கு முதலே சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார்.

பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் இதே மாதிரி ஒரு வழக்கு. அன்று கறுப்பர் ஒருவரையும் ஜூரிக் கதிரையில் இருக்கவிடவில்லை. அப்படி அனுப்பக் கூடாது என்று பிறகு சட்டம் வந்ததாம். இப்போது வேறு காரணம் எழுதி அனுப்புகிறார்கள், உன் தம்பியும் பார்த்திருக்கிறானே என்றார். அங்கே ஒருவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும், என் அண்ணன் உள்ளே போய்விடுவார் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மாட்டேன் என்றால் குற்றவாளி என்று தீர்க்க முடியாது.

அன்று பின்னேரமே தம்பிக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை, வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், அந்த மனிசி வீதிக்கு அங்கால நிண்டவள். பை அவனிட்ட இல்லை. உனக்கு உண்மையா நம்பிக்கை இருக்கோ?"

"முழுக்க இல்லை," என்றான்.

"அப்ப மாட்டன் எண்டு சொல்லு."

"நான் தனிய மாட்டன் எண்டால் அவங்கள் என்னை எப்பிடிப் பார்ப்பாங்கள்? இவ்வளவு காலமும் அவங்களில ஒருத்தனா இருக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது அக்கா."

"எனக்குத் தெரியாட்டி ஆருக்கடா தெரியும்?" என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அவனே எடுத்தான். முடிந்துவிட்டது என்றான். கையை உயர்த்தச் சொன்னார்களாம். பதினொரு கை உயர்ந்த பிறகு அவனுடையதும் உயர்ந்ததாம். பெடியனுக்கு எத்தனை வருடம் என்று பிறகுதான் சொல்வார்களாம். "ஜூரித் தலைவர் எனக்குக் கை தந்தவர்," என்று அதையும் சொன்னான்.

"அந்தப் பெடியன்ர பேர் என்ன?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, இப்ப ஞாபகமில்லை."

"ஞாபகம் வந்தால் எடு," என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.

சலவை அறையில் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த விரிப்பை மடிக்காமல் அப்படியே கூடைக்குள் போட்டார். ஹோட்டலில் அவர் அப்படிப் போட்டு நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

டிசம்பரில் நத்தாருக்குத் தம்பி போன் எடுத்தான். என் கணவர்தான் ரிசீவரைத் தூக்கினார். நான் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"இஞ்சரப்பா, தம்பி கதைக்க வேணுமாம்."

"பேர் என்னவாமெண்டு கேளுங்கோ."

கேட்டார். "வைச்சிட்டான்," என்றார். சகோதரத்தோடு இப்படியா என்று முகத்தைச் சுளித்தார். நான் அடுப்பைக் குறைக்கவில்லை.

அடுத்த வருடமும் எடுத்தான். அடுத்த வருடமும் கேட்டேன்.