தார்ப்பாய் போர்த்திய கம்ப்யூட்டர்

கேபினெட்டின் அடித்தகட்டில் சுட்டுவிரலை ஓட்டி, ஒட்டிய தூசியை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறாள் அம்சவல்லி. கரித்தால் அந்தப் பாகம் குப்பைக்கு, கரிக்காவிட்டால் மறுவேலைக்கு. மரக்காணத்து உப்புக் காற்றில் கம்ப்யூட்டரை வைத்து ஆள்பவளுக்கு வேறு சோதனை எதற்கு? திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டே திட்டவும் அவளுக்கு வரும். ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை.

பேருந்து நிலையத்தருகே ஒரு ஃபிளெக்ஸ் கடையில் பல ஆண்டுகள் டிசைன் போட்டவள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரார் முகங்களையெல்லாம் வெளுப்பாக்கிக் கொடுத்தவள். சென்ற ஆண்டு முதலாளி ஒரு புது கம்ப்யூட்டருக்குத் துருப்பிடித்த பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாட்டச் சொன்னார். மின்சாரம் தரும் பெட்டியே பழுதென்றால் மற்றதெல்லாம் போய்விடும் என்று அவள் மன்றாடினாள். "ரெண்டு நாளு அட்ஜஸ்ட் பண்ணும்மா" என்றார். சுவிட்சைப் போட்டதும் புது மதர்போர்டு கருகியது. பழி அவள்மேல் விழுந்தது. அந்த நிமிடமே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். இன்றும் 'அட்ஜஸ்ட்' என்ற சொல் காதில் விழுந்தால் அவள் காதுமடல் சிவக்கும்.

இப்போது குயிலாப்பாளையத்துத் தையற்கூடம் ஒன்று, எம்பிராய்டரி வடிவங்களை வீட்டிலிருந்தே வரைந்து தரச் சொல்லியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் முதல் வடிவம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. அதற்காக மதர்போர்டு, பிராசஸர், ரேம் ஆகியவற்றை மட்டும் புதிதாக வாங்கினாள். மீதியைத் தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. தாயாருக்கு ஆபரேஷன் என்று மழைக்காலம் முழுவதும் வானூரில் தங்கியிருந்தபோது, அதைக் கணவர் ராமதாஸின் பொறுப்பில் விட்டிருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல், மூலையில் கிடந்த கம்ப்யூட்டரின் மேலிருந்து நீலத் தார்ப்பாயை உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள். உப்பளத்தில் மழைக்கு உப்பு அம்பாரத்தை மூடும் பாய் அது. மடிப்புகளில் இன்னும் வெள்ளைப் பொருக்கு.

"யாரைக் கேட்டு இதப் போத்துனீங்க?"

"தூசி படக் கூடாதுன்னுதான். அவ்ளோ பெரிய அம்பாரத்தையே காப்பாத்துது, ஒம் பொட்டியக் காப்பாத்தாதா?" உப்பள மேஸ்திரியான ராமதாஸுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"உப்புமேல உப்பு பட்டா இன்னா ஆவப் போவுது? இது தகரம். பொணத்துக்குப் போத்துற மாதிரி போத்தி வச்சிருக்க."

கோபம் ஏறினால் அவள் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்துவிடும். அது உதிர்ந்ததும் ராமதாஸ் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவார்.

கேபினெட்டின் விளிம்பு செதில் செதிலாக உரிந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் தங்கநிறப் பற்களில் பச்சை படர்ந்திருந்தது. பென்சில் ரப்பரால் அவற்றைத் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் மேசை ஆடியது. பற்கள் மெல்லப் பளிச்சிட்டன. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மூடிய டப்பா என்பதால் தப்பித்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறியைச் சுழற்றினாள், நறநறவென்றது. அதன் கம்பி வலையைத் துடைத்த விரலை நாக்கில் வைத்ததும் முகம் சுளித்து, "செத்துப்போச்சு" என்று ஓரமாகத் தள்ளினாள்.

கை கழுவிக்கொண்டு திரும்பியபோது, ராமதாஸ் அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் புது மதர்போர்டில் செருகிவிட்டு, சுவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கைய எடு."

"இல்ல அம்சா, திங்கக்கெழம வேல போயிடுமேன்னு பாத்தேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, கடையும் இருக்காது. ரெண்டு நாளைக்கு இத வச்சி அட்ஜஸ்ட் பண்ணிக்கினா..."

அவள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மதர்போர்டிலிருந்து வயரை விடுவித்தாள். எஸ்எம்பிஎஸ்ஸை மடியில் கிடத்தி, கட்டரால் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு வயராக அடியோடு நறுக்கினாள். துண்டுகள் தரையில் சிதறின.

ராமதாஸ் ஒரு துண்டைக் கையில் எடுத்தார். "இப்ப இன்னாத்த வச்சி ஓட்டுவ?"

"பாண்டியில ஒம்பது மணி வரைக்கும் கடை தொறந்திருக்கும்."

வலக்கையில் கட்டர் அப்படியே இருக்க, வண்டிச் சாவிக்காக இடக்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.