மருமகனும் மூச்சு மெஷினும்

ஜனவரி 9. தூக்கப் பரிசோதனை. 4,500.
ஜனவரி 23. மூச்சு மெஷின், முன்பணம். 12,000.
பிப்ரவரி 6. மனச்சோர்வு மாத்திரை, 75 மில்லிகிராமிலிருந்து 37.5.
பிப்ரவரி 14. மாத்திரை, பூஜ்யம்.

கடைசி வரி டாக்டர் சொன்னதல்ல. என் மருமகன் யாரிடமும் சொல்லாமல் செய்தது. பிறகு தெரிந்துதான் என் கணக்கு நோட்டில் குறித்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். டிசம்பரில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கூட இருந்தவர் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. கம்பெனி டாக்டர் தகுதி என்று எழுதித் தந்தால்தான் மறுபடி வேலை.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. முகமூடி மாட்டிக் குழாய் வழியே காற்றைத் தள்ளும் மெஷினைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் தெளிந்தது. ஆறு வருடமாக விழுங்கிய மாத்திரையை மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்றார் டாக்டர். அங்கேதான் மருமகனுக்குச் சந்தேகம் தட்டியது.

"மூச்சு நின்னதுக்கு மனசுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க மாமா. இன்னும் மெல்ல மெல்லன்னா, யாருக்கு லாபம்?"

மாத்திரையை விட்ட இரண்டாம் நாள் முதல், தலையைத் திருப்பினால் சுரீர் என்று மண்டைக்குள் ஓர் அதிர்ச்சி. வாழ்நாளெல்லாம் கரண்டோடு பழகியவர் மெஷினைத்தான் சந்தேகப்பட்டார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார், பல்ப் எரியவில்லை. பிளக்கை மாற்றினார். எர்த் ஒயரையும் சோதித்தார்.

"மூணு வாரமா அடிக்காத கரண்டு இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்றாள் என் மகள்.

"லீக்கேஜ்னா அப்படித்தான். உனக்கென்ன தெரியும்?"

"நீங்க குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் எழுந்துக்கும். அது தெரியும்."

மெஷினுக்குள் சிம் கார்டு இருப்பதைக் கண்டதும் சந்தேகம் முற்றியது. "இது மெஷின் இல்ல மாமா, ஒட்டுக்கேக்கிற ஆளு. நான் தூங்கறதெல்லாம் கம்பெனிக்குப் போகுது." கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நாலு இரவு அது இல்லாமலே படுத்தார். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறினார். காரணமில்லாமல் கண் கலங்கினார். குடிக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று நான் அவர் பையை மோந்துகூடப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை. வாஷ்பேசினில் முகம் கழுவிவிட்டுத் துண்டுக்காகத் திரும்பியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சுது மாமா."

"மெஷின் பீரோவுலதானே இருக்கு, மாப்பிள்ளை?"

கோளாறு என்று கழற்றி வைத்த பாகம் வெளியே இருக்கும்போதே கோளாறு தொடர்ந்தால் அந்தப் பாகத்தின் மேல் குற்றமில்லை. அது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார்.

சட்டென்று விட்டால் இப்படித்தான் மண்டைக்குள் அடிக்கும் என்றார் டாக்டர். மறுபடி 37.5 ஆரம்பித்து, மாதக்கணக்கில் குறைக்கச் சொன்னார். மெஷினும் பீரோவை விட்டு வந்தது.

மார்ச்சில் கம்பெனி டாக்டர், மெஷின் ராத்திரிக்கு ராத்திரி பதிந்து வைத்த கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இந்த நாலு ராத்திரி ஏன் காலியா இருக்கு?"

கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மருமகன் என்னை ஒருமுறை பார்த்தார். "மாத்திரைய நானா நிறுத்தினேன் சார். அது புரியாம மெஷின் மேல சந்தேகப்பட்டு கழட்டி வெச்சிட்டேன்."

டாக்டர் ஏதோ எழுதி ஃபைலை மூடினார். என்ன எழுதினார் என்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று ஊகித்தோம். நல்லதாக ஒருவரும் ஊகிக்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த முதல் கடிதம் இன்னொரு மாதக் கணக்கைக் கேட்டது. அனுப்பினோம்.

அடுத்ததுதான் கடைசிக் கடிதம். மூன்று மாதம் பட்டறை வேலை, பிறகு கூண்டின் மேல் ஏறலாம் என்றிருந்தது. மருமகன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இதுல உள்குத்து ஏதாவது இருக்கா, பாருங்க மாமா."

பார்த்தேன். இல்லை. வந்த தேதி, ஏப்ரல் 29.