எனக்காக இன்னொருவர் நிரப்பிய படிவம்

போன ஆண்டு மழைக்காலத்தில், நான் வேலை பார்க்கும் குன்னூர்ப் பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். அறுபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, சில நேரம் என்று குறிக்க வேண்டும். யோசிக்காமல் மனத்தில் பட்டதைக் குறியுங்கள் என்றார். அப்படியே செய்தேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. 'அமைதியை விரும்புபவர். கூட்டத்தைத் தவிர்ப்பவர். முன்னின்று நடத்துவதைவிடத் துணை வேலைகளுக்கு ஏற்றவர்.' படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்தை நடத்தும்படி தலைமை ஆசிரியை இரண்டு முறை கேட்டிருந்தார். மறுப்பதற்கு இப்போது ஒரு தாள் கிடைத்துவிட்டது.

பதினைந்து வயதில், ஊட்டி காந்தலில் எங்கள் சர்ச்சில் பைபிள் வாசகம் படிக்கப் போய், இரண்டாவது வரியில் குரல் அடைத்து, பாதியில் உட்கார்ந்தவள் நான். அதன்பின் மைக்கைக் கண்டாலே எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

மதியம் சாப்பிடும்போது தாளைக் கணக்கு டீச்சரிடம் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டு வருடமாக ஊட்டியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறோம்.

"ஏனுங்க டீச்சர், இது யாருதுங்க?"

"என்னுதுதாங்க அக்கா."

"எனக்குத் தெரிஞ்ச ஆளு இல்லீங்களே இது."

ஆபீஸில் மிச்சமிருந்த படிவம் ஒன்றை வாங்கி வந்து, என்னைப் பற்றி அவரே குறிக்க ஆரம்பித்தார். 'புதியவர்களோடு எளிதில் பேசுவேன்' என்பதற்கு ஆம் போட்டார்.

"நான் எங்கீங்க பேசறேன்?" என்றேன்.

"போன மாசம் மரம் உழுந்து பஸ் நின்னுதே. அழுதுட்டிருந்த காலேஜ் புள்ளையோட ஊட்டுக்குப் போன் போட்டு, டிரைவர்கிட்டப் பேசி, எல்லாரையும் எறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போனது யாருங்க? நானா?"

நடந்தது நினைவிருந்தது. செய்தது நான் என்பதுதான் கணக்கில் வரவில்லை.

'கோபத்தை உடனே சொல்லிவிடுவேன்' என்பதற்கு இல்லை போட்டார். "மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. நானே பட்டிருக்கறனுங்க."

சுருக்கென்றது. ஆனால் அதையும் சொன்னதால்தான் மற்றவற்றை நம்பத் தோன்றியது. என் படிவத்தை நிரப்பியவள் அந்தப் பதினைந்து வயதுப் பெண் என்று அன்று மாலை பஸ்ஸில் எனக்குப் புரிந்தது. எனக்கு இப்போது நாற்பத்தொன்று.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய்க் கூட்டத்தை நடத்துகிறேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை, கூட்டத்தன்று, நல்ல மழை. மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னதும் குரல் நின்றுவிட்டது. இந்த முறை உட்காரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "கொஞ்சம் பதட்டமா இருக்குதுங்க. ஒரு நிமிஷம்" என்று மைக்கிலேயே சொன்னேன்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர். மழை விட்டாத்தான நாங்களும் போவோம்" என்றார் பின்வரிசையில் ஒரு அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இருபது நிமிடம் பேசினேன்.

முடிந்ததும் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா அருகில் வந்தார். "லீவு போட்டுட்டு வந்தனுங்க. எம் புள்ளைக்குப் படிப்பே ஏறாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க சொன்ன மாதிரி பக்கத்துல உக்காந்து வாசிக்கச் சொல்லிப் பாக்கறேன். அடுத்த மாசமும் நீங்கதானுங்களே?"

"ஆமாங்க, நான்தான்."

இதுவரை ஆறு கூட்டங்கள் ஆகிவிட்டன. முதல் நிமிடம் கை சில்லிட்டுத்தான் போகிறது. இரண்டாவது நிமிடத்தில் சரியாகிவிடுகிறது.