ஹேண்டில் அடித்த கை

1. லீவர்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடின பஸ்ஸில் நான் கிளீனர். இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன். வண்டிக்குப் பின்னால் பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அதில் வருகிற கேஸில் ஓட்டினோம். இப்போது சொன்னால் சிரிப்பார்கள்.

வண்டியை எழுப்ப முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். அது கிளீனர் வேலை. ஸ்டியரிங்கை ஒட்டி, இன்ஜினுக்குள் பொறி விழுகிற நேரத்தை மாற்றுகிற ஸ்பார்க் லீவர் இருக்கும். அது டிரைவர் வேலை. கரி கேஸில் ஓடும்போது லீவரை ஏற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி இழுக்காது. நிறுத்தி மறுபடி எழுப்பும்போது கொஞ்சம் பெட்ரோல் விட்டு எழுப்புவோம். அப்போது லீவர் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் சுற்றினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து கையை அடிக்கும்.

அன்றைக்கு டிரைவருக்குக் காய்ச்சல். முதலாளியே சீட்டில் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் ஜனம் பார்க்க ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

“லீவர் எறங்கியிருக்கா மொதலாளி?”

“எல்லாம் எங்களுக்குத் தெரியும்லே. நீ சுத்து.”

சுற்றினேன். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துத்தான் பிடித்தேன். புதிதாக வருகிறவன்தான் விரலைச் சுற்றிப் பிடித்து மாட்டிக்கொள்வான். நான் புதியவன் இல்லை. ஹேண்டில் ஒரே அடி. வலது முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டது. கை நடுவில் மடங்கித் தொங்கியது.

முதலாளி இறங்கி வந்து பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “பெருவிரலச் சுத்திப் பிடிச்சிட்டான் மடையன்.”

வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். லீவர் மேலே நின்றது. கீழே விழுந்து கிடந்த எனக்கே திறந்த கதவு வழியாக அது தெரிந்தது.

2. அருவி

கடையத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கையை இழுத்து நேராக்கி, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

“நான் அவுக்குத வரைக்கும் இது நனையக் கூடாது. நனைஞ்சுதுன்னா என்கிட்ட வராத” என்றார்.

எலும்பு கூடிக்கொண்டு வந்தது. விரல்கள் அசைந்தன. அதற்குள் சாரல் விழுந்துவிட்டது. குற்றாலத்தில் சீசன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. புதிதாக வைத்த கிளீனர் அடுப்புச் சூடு தாங்காமல் ஓடிப்போனான். முதலாளி என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“ஏலே, இன்னும் எத்தன நாளைக்குத் தொட்டில்ல போட்டு ஆட்டப் போற? வா, அருவில காட்டுவோம். மலையில உள்ள மூலிகையெல்லாம் அதுலதான கரைஞ்சு வருது. ரெண்டு குளி குளிச்சா எலும்பு தன்னால ஒட்டிக்கிடும்.”

என் வீட்டுக்காரி சொன்னாள்: “கட்டு நனையக் கூடாதுன்னுல்லா அண்ணாச்சி சொன்னாரு.”

“அப்படிச் சொன்னாத்தானட்டி அவரு பொழப்பு ஓடும்.” என்னைப் பார்த்து, “வாறியா, இல்ல வேற ஆளு வச்சுக்கிடட்டுமா?” என்றார்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் அருவிதான் மருந்து. தலைவலிக்கும் அருவி. கிறுக்குப் பிடித்தவனைக்கூடச் சங்கிலியோடு கொண்டுவந்து அருவியில்தான் நிறுத்துவார்கள். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. போனேன்.

பேரருவியில் தண்ணீர் நிறைய விழுந்தது. முதலாளியே கட்டை அவிழ்த்தார். பத்தைகளை உருவிப் போட்டார். “நீட்டுலே” என்றார். நீட்டினேன். தண்ணீர் என்றா சொல்வது, கல் விழுகிற மாதிரி விழுந்தது. உள்ளே ஏதோ விட்டுப்போனது. கத்தினேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் ஓடி வந்து என்னை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்தார். கையைப் பார்த்தார்.

“எந்தக் கூறுகெட்டவம்வே ஒடிஞ்ச கைய அருவிக்குள்ள நீட்டச் சொன்னது?”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

“இவனுக்கு நம்பிக்க பத்தாது” என்றார்.

3. மாவு

கடையத்து அண்ணாச்சி கையை நீளத் தடவிப் பார்த்தார். பிறகு, “மொத தடவ வண்டி ஒடிச்சுது. இது யாரு ஒடிச்சது?” என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுபடி இழுத்துக் கட்டினார். “கை கூடும். ஆனா உள்ளங்கை மேல பாக்காது. தெரிஞ்சுக்கோ” என்றார்.

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. கட்டு அவிழ்த்தபோது கை விறகு மாதிரி இருந்தது. உள்ளங்கை தரையைப் பார்த்தபடியே நின்றது. சோற்றை அள்ளலாம், வாய்க்குக் கொண்டுபோக முடியாது. இடது கையால் சாப்பிட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு இலைக்குப் போனார். அதன் பிறகு பந்திக்குப் போவதில்லை.

முதலாளி வேறு ஆள் வைத்துவிட்டார். என் கையைப் பற்றி யார் கேட்டாலும் பெருவிரல் கதைதான் சொன்னார். அருவியைப் பற்றிப் பேச்சே கிடையாது.

கோபத்தில்தான் கையைப் பழக்கினேன். ஈரத் துணியைப் பிழிந்தேன். கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். வீட்டுக்காரி ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்த்தி வைத்தாள்.

“ஹேண்டில் சுத்தினவருக்குக் குழவி சுத்த வலிக்கோ?”

“வலிக்கி.”

“வலிக்கட்டும். மாவு நைசா வரணும்.”

தெருப் பெண்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. நானும் செய்யவில்லை. கைக்குப் பலம் வந்தது. உள்ளங்கை மட்டும் திரும்பவில்லை.

4. மறுபடி பஸ் ஸ்டாண்ட்

ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதே வண்டி நின்றது. முதலாளி சீட்டில் இருந்தார். புது கிளீனர் என்னைவிட மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர். ஹேண்டிலைச் சொருகிக் குனிந்தார். நான் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒனக்கு என்னலே இங்கன சோலி?” என்றார் முதலாளி.

“லீவர எறக்கும்.”

அதுவரை அவரிடம் நான் அப்படிப் பேசினதில்லை.

“எறங்கித்தான் இருக்கு.”

“வண்டிய எழுப்பணும்னா எறக்கும். இல்லன்னா நீரே வந்து சுத்தும்.”

ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீண்டது. ஒருவர் உள்ளேயிருந்து, “எறக்கித் தொலையும்வே, மழ வருது” என்றார். முதலாளியின் கை லீவருக்குப் போனது. லீவர் இறங்கின சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நானே சுற்றினேன். அதே வலது கையால். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது.

“நாளைக்கு வேலைக்கு வா” என்றார்.

“வரல.”

செங்கோட்டை ரோட்டில் ஓடின வேறு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயே லைசென்சு எடுத்து டிரைவர் ஆனேன். ஸ்டியரிங் பிடிக்க உள்ளங்கை மேலே பார்க்க வேண்டியதில்லை. நான் சீட்டில் இருக்கும்போது, கிளீனர் வந்து லீவரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஹேண்டிலைத் தொட வேண்டும். என்னை நம்பாதே என்று சொல்லியே பழக்கினேன். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் போய்ப் பார். அவருக்குக் கோபம் வரும். வரட்டும். அடி விழுவது உன் கையில்.

முதலாளி செத்தபோது போனேன். வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அரிசி வைத்திருந்தவர் என்னிடம், “கைய ஏந்தும்” என்றார். வலது கையை நீட்டினேன். உள்ளங்கை மண்ணைப் பார்த்தது. இடது கையை நீட்டினேன்.

“எடது கையால போடக் கூடாதுவே.”

“அப்போ நான் போடல” என்றேன். வந்துவிட்டேன்.