காலை முதல் இறக்கம்

அந்தப் புகார் என் மேசைக்கு வந்தபோது அதில் ஏற்கெனவே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூவரும் எழுதிய முடிவு ஒன்றுதான்: வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார ஆட்டோ ஓட்டும் ஒரு பெண், காலையில் முதல் இறக்கத்தில் வண்டி தன் பிடியில் நிற்பதில்லை என்று நான்கு மாதங்களில் ஐந்து முறை கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சர்வீஸ் ஆட்கள் இரண்டு தடவை போய் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் ஓரத்தில் பென்சிலால் 'ஓட்டுநருக்குப் பயம்' என்று எழுதி வைத்திருந்தார்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கோயம்புத்தூரில், மின்சார மூன்று சக்கர வண்டிகளுக்குக் கண்ட்ரோலர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கண்ட்ரோலர் என்பது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் அலுமினியப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு எந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அதற்குள் இருக்கும் சர்க்யூட்டில் பாதியும், அதை நடத்தும் புரோகிராமில் பெரும்பகுதியும் நான் செய்தவை.

சொந்த ஊர் முதலமடை. அப்பா காலமான பிறகு மாந்தோப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். நான் பாலக்காட்டில் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு முதலில் யு.பி.எஸ். பழுது பார்த்தேன். பிறகு வெல்டிங் மெஷின், பிறகு சோலார் பம்பு என்று மாறி மாறி, கடைசியில் வண்டிக்கு வந்து சேர்ந்தேன். எரிந்துபோன டிரான்சிஸ்டரின் வாசனையை வைத்தே எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று சொல்லிவிடுவேன். பெண் பார்க்கப் போன வீடுகளில் அந்தத் திறமைக்கு மதிப்பில்லை. "கரண்டு வேலைன்னா போர்டுலயாங்க?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சு மாம்பழ விலைக்குத் திரும்பிவிடும். ஏழெட்டு வீடுகளுக்குப் பிறகு, போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆறாவது முறை அந்தப் பெண் கூப்பிட்டபோது யாரோ அழைப்பை எனக்கு மாற்றிவிட்டார்கள். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிகவும் நிதானமாகப் பேசினார். காலையில் ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்தால் வண்டி தானே கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும்; மற்ற நேரங்களில் பிடிக்கிறது. காலை முதல் இறக்கத்தில் மட்டும் பிடிப்பதில்லை. வீட்டிலிருந்து நேராக இறங்கினால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கிறது, கீழே போய்ச் சேர்வதற்குள் பிரேக் சுடுகிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீங்களும் ஆள் அனுப்புதேன்னுதான் சொல்லுவீங்க" என்றார்.

"இல்லைங்க, நானே வர்றனுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மலைப் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. உடுமலையிலிருந்து மறையூர் வழியாகப் போன பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். மேட்டில் தகரக் கூரை போட்ட வீடு, பக்கத்தில் வண்டி, சன்னல் வழியாகச் சார்ஜர் வயர். என் வயதை ஒட்டிய பெண். ஸ்வெட்டருக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் சிறிய சிலுவை. அவருடைய அப்பா தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பக்கத்திலேயே வேலை பார்த்துக் காது மந்தமானவர். என்னை மீட்டர் பார்க்க வந்தவன் என்று நினைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் மீட்டரைக் காட்டினார்.

அந்தப் பெண் சார்ஜர் வயரைக் கழற்றினார். லேப்டாப்பைக் கண்ட்ரோலரோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வண்டி கீழே இறங்கும் என்று காத்திருந்தால் மேலே ஏறியது. சர்ச் வரைக்கும் ஏறி, அங்கே திரும்பி, மறுபடி வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

"இனிமேத்தான் ஏத்தணும் சார். மொதல்ல சர்ச் வரைக்கும் சும்மா ஒரு தடவ ஏத்தி எறக்கிருவேன். அப்புறம் சொன்ன பேச்சக் கேக்கும். குளிருக்குச் சூடாகணும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

எவ்வளவு நாளாக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மாதமாக, தினமும், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் என்றார். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றதற்கு, சர்வீஸ் ஆட்கள் மத்தியானம்தான் வந்தார்கள், காலையில் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை என்றார்.

எனக்குக் காது மடல் சூடானது. விஷயம் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டி இழுத்துப் பிடிக்கிறதே, அது பிரேக்கின் வேலை இல்லை. அந்த நேரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டி ஓடுகிற வேகத்தை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுவையில்தான் வண்டி மட்டுப்படுகிறது. ஆனால் நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் பாட்டரி முழுதாக நிறைந்திருந்தால் இழுவையை அப்படியே நிறுத்திவிடச் சொல்லி, புரோகிராமில் மூன்று வரி எழுதியிருந்தேன். கோயம்புத்தூரில் வீட்டை விட்டு வண்டி எடுத்தால் தெருமுனைக்குப் போவதற்குள் பாட்டரி கொஞ்சம் இறங்கிவிடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மேட்டில் வீடு இருப்பவர் இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் நேராகச் சரிவில் இறங்குவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சர்ச் வரைக்கும் ஏறி அவர் தீர்த்துவிட்டு வந்தது அந்தக் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்.

புரிந்ததைச் சொல்வதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. சர்ச்சுக்கு ஏறாமல் நேராக இறங்கலாமா என்று கேட்டேன். பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முதல் வளைவிலேயே வண்டி விடுபட்டது. லேப்டாப் திரையில் இழுவையின் கோடு தரையோடு படுத்திருந்தது. எண்ணாகப் பார்த்துப் பழகிய ஒன்றின் மேல் உட்கார்ந்து இறங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் வெறும் காற்று. அவர் காலை எடுத்து எடுத்து, அளந்து மிதித்துக்கொண்டே இறக்கி, கீழே பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் போகும் பெரிய குழாய்கள் தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தினார். திரையில் அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"தப்பு உங்க மேல இல்லைங்க. பிரேக்குலயும் இல்லைங்க. நான் எழுதுனதுல இருக்குதுங்க."

ஏன், எப்படி என்று குடத்தை உதாரணம் காட்டி விளக்கினேன். அவர் முன்பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "அப்ப அது என் பயம் இல்ல" என்றார். கேள்வி மாதிரி இல்லை. ஆனாலும் நான் பதில் சொன்னேன்: "இல்லைங்க."

அப்போதுதான் அவர் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். ஜீப் ஓட்டியவர். கல்யாணமாகி இரண்டாவது வருடம், இதே மலையில் வேறொரு இறக்கத்தில், பிரேக் விட்டுப்போய் ஜீப்போடு போய்விட்டார். ஆறு வருடமாகிறது. இவர் ஆட்டோ எடுத்தபோது உறவெல்லாம் தடுத்தது. வண்டி நிற்கவில்லை என்று இவர் சொன்னதும், அவன் ஞாபகம்தான் இவளை அப்படி நினைக்க வைக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கேட்டுக் கேட்டு, அப்படித்தானோ என்று இவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. சொல்லி முடித்த பிறகு முகத்தை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டார். அந்த ஓரத்துப் பென்சில் எழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

கோயம்புத்தூருக்குத் திரும்பி, குறை என் வடிவமைப்பில் இருக்கிறது என்று என் பெயரிலேயே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் வாசித்துவிட்டு, மலைக்குப் போன வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதானே, அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாமே என்றார். அந்த வண்டிகளில் ஒன்றில் தினமும் ஆறு பிள்ளைகள் போகிறார்கள் என்றேன். நல்ல மனிதர், அதற்குமேல் வாதாடவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். மலை வண்டிகளின் சார்ஜ் இனி முழுதாக நிறையாமல், கொஞ்சம் இடம் விட்டு நின்றுவிடும். இழுவை எந்தக் காரணத்துக்காகக் குறைந்தாலும் ஒரேயடியாக அறுந்துபோகாமல், மெல்லக் குறைந்து, ஓட்டுநருக்கு ஒலியெழுப்பிச் சொல்லும். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மலை வண்டியாகத் தேடிப் போனேன்.

சித்திரபுரத்துக்குத்தான் முதலில் போனேன். இரண்டாவது தடவையும் அங்கேதான். மூன்றாவது தடவை போக உண்மையில் ஒரு காரணமும் இல்லை. மழையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னேன். நடுவில் தொலைபேசி. முதலில் வண்டியைப் பற்றி மட்டும் பேசினோம். பிறகு அவர் ஏற்றிச் செல்லும் பிள்ளைகளில் ஒருத்தி தினமும் சட்டைப் பையில் தவளைக் குஞ்சு கொண்டுவருவதைப் பற்றி. பிறகு நான் சாப்பிட்டேனா என்பதைப் பற்றி.

நான்காவது தடவை, மாங்காய்ப் பருவத்தில், ஒரு பெட்டி மாம்பழத்தைச் சுமந்துகொண்டு அதே பஸ்ஸில் போனேன். அப்பாவும் மகளுமாகப் பழத்தைக் கழுவி வைத்தார்கள். அன்று சாயங்காலம் வண்டியைப் பரிசோதிப்பதாகச் சொல்லி லேப்டாப்போடு ஏறிக்கொண்டேன். பாதி வழியில் அவர் நிறுத்தினார்.

"சார், ஒன்னு கேக்கட்டா? வண்டியப் பாக்கத்தான் வாறீங்களா?"

லேப்டாப்பை மூடினேன். "இல்லைங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பாதி முகம் மட்டும் தெரிந்தது. "அந்த வயரையாவது கழத்திட்டு முன்னால வந்து உக்காருங்க" என்றார். ஓட்டுநர் இருக்கையில் இரண்டு பேர் உட்காரக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் விதி. அன்றைக்கு மீறினேன்.

அம்மாவிடம் சொல்ல இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. சொன்னபோது அம்மா மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், மலையில் ஆட்டோ ஓட்டுகிறவள், முதல் கணவர் இறந்துபோனார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மா வெட்டிய துண்டுகளைத் தட்டில் தள்ளினார்.

"அந்தப் புள்ளைக்கு உன்னையப் புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குதுங்கம்மா."

"அப்பறம் என்ன கண்ணு? இத்தன வருசமா இந்த ஊட்டுல யாரும் கேக்காத கேள்விய நான் ஒருத்தியாச்சும் கேக்கோணுமில்ல" என்றார். அண்ணன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என்னோடு பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆனது; இன்றும் அளந்துதான் பேசுகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வருத்தம் உண்டு.

அவளுடைய அப்பாவிடம் உரக்கப் பேசிப் புரியவைப்பதற்குள் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் நீண்ட நேரம் தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவ வண்டிய விடமாட்டா தம்பி. அத மட்டும் கேட்டுராதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, வீட்டில் பாதிரியார் ஒருவர் ஜெபம் சொல்லி, பிள்ளைகள் ஆறு பேருக்கும் பிரியாணி போட்டு முடித்தோம். முதலமடையிலிருந்து அம்மா மட்டும் வந்தார். பஸ்ஸில் அவருக்கு வாந்தி வரவில்லை. அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

மலையில் ஓட்டிப் பார்க்காத வண்டியை விற்கக் கூடாது என்று கம்பெனியில் விடாமல் சொல்லிவந்தேன். கடைசியில் அந்த வேலையை எனக்கே கொடுத்தார்கள். இப்போது மாதத்தில் மூன்று வாரம் சித்திரபுரம், ஒரு வாரம் கோயம்புத்தூர். முன்னறையில் மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் பவர் சப்ளையும் இருக்கின்றன. புது கண்ட்ரோலர் எதுவானாலும் முதலில் அவள்தான் ஓட்டுகிறாள். பிடிக்கவில்லை என்றால் எண்ணெல்லாம் சொல்லமாட்டாள். "இது முரண்டு பிடிக்கு" என்பாள், அல்லது "இது ரொம்பக் கெஞ்சுது" என்பாள். அதை எண்ணாக மாற்றுவது என் பாடு.

போன வருடம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். குழந்தைக்கு ஆறு மாதமானதிலிருந்து மனைவி மறுபடி வண்டி எடுக்கிறாள். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும் குழந்தை என்னிடம். சரியாக அந்த நேரத்தில்தான் அலுவலகக் கூட்டம். குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கிராஃபை நகர்த்திக்கொண்டு பேசுகிறேன். போன வாரம் குழந்தை பெரிதாக அழ ஆரம்பித்ததும், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி மைக்கை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டுங்க" என்றார் மேனேஜர். "அழுது முடிக்கட்டுங்க. நாங்க காத்திருக்கறோம்."

அவள் அழுது முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.