விட்பியில் தானாகத் திறந்த அழைப்பு

கமராவின் கண்ணில் சந்தனம் இருந்தது. விட்பி வீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது நான் முதலில் கண்டது அதைத்தான். புதிய கொம்பியூட்டருக்கு அந்த வீட்டு அன்ரி பொட்டு வைத்திருந்தார். திரையின் மேல்விளிம்பில் ஒன்று, கீபோர்டில் ஒன்று. கமரா உருண்டையாக ஒரு நெற்றியைப்போல இருந்ததால் அதன் நடுவிலும் ஒன்று. அந்த நடுவில்தான் லென்ஸ்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்கிறேன். வயது பதினேழு. கடைக்கார அண்ணை விற்பார், நான் வீடுகளுக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பேன். இந்த வருடம், தொண்ணூற்றெட்டு மாசியில், ஒரு வெள்ளிக்கிழமை விட்பிக்குப் போகவேண்டி வந்தது. அந்த வீட்டு மகள் மதுரா அக்கா மருந்தாளர் படிப்பு முடித்தவர். அவருக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். படங்கள் கைமாறி, சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு உடனே கனடா வர வசதியில்லாததால் கொம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதென்று முடிவு செய்தார்கள். சரிவந்தால் ஆவணியில் கல்யாணம். அன்ரி மண்டபத்துக்கே சொல்லி வைத்திருந்தார்.

கார் இல்லாமல் அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக வழியை எழுதுகிறேன். ரூஜ் ஹில் நிலையத்தில் ஒன்பதரை மணிபோல ரயில் எடுத்தேன். அது பிக்கரிங்கோடு நின்றது. அங்கிருந்து அதே டிக்கெட்டில் பஸ். பஸ் வாசலில் நிற்கும், ஆனால் உங்களுக்காக நிற்காது, ஆகவே படியில் இறங்கும்போதே டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். ஒரு வழிக்கு நாலு டொலருக்குள் முடிந்தது. விட்பி நிலையத்திலிருந்து புது வீடுகள் இருக்கும் பகுதி ஏழு கிலோமீட்டர். பனியில் நடக்க முடியாது. டாக்சிக்குப் பன்னிரண்டு டொலர்.

டாக்சி ஓட்டியவர் மட்டக்களப்புக்காரர். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்மா?” என்று கேட்டார். லீவு என்றேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருடம். வகுப்பின் முன்னால் எழுந்து நின்று பேசச் சொல்வார்கள், எனக்கு வாய் வராது. கடைசியில் போகாமலே விட்டுவிட்டேன். இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதைவிட லீவு என்று சொல்வது சுலபம்.

இனி அழைப்பு விஷயம். கொம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேச நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். இணையத்தில் எல்லோரும் பார்க்கும் பொதுப் பெயர்ப்பட்டியலில் பதிந்து அழைத்தால் யார் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள். அதனால் எங்கள் கடையில் முகவரியை அடித்து நேரே அழைக்கிறோம். இணையத்தில் இணைந்ததும் கொம்பியூட்டருக்குப் புள்ளிகளால் பிரித்த நான்கு எண்கள் முகவரியாகக் கிடைக்கும். அதை மறுபக்கத்துக்குச் சொன்னால் போதும். இணைப்பு அறுந்து மறுபடி இணைந்தால் முகவரி மாறிவிடும். ஆகவே வீட்டில் இரண்டு ரெலிபோன் லைன் வேண்டும். ஒன்று கொம்பியூட்டருக்கு, மற்றது முகவரியைச் சொல்வதற்கு.

லண்டனில் மாப்பிள்ளையின் தம்பி தன் அலுவலகத்தில் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே பின்னேரம் ஐந்து மணி, மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் சொன்ன முகவரி பத்தில் தொடங்கியது. அப்படியான முகவரி அந்தக் கட்டடத்துக்குள் மட்டும்தான் செல்லும். தெருப்பெயர் எழுதாமல் அபார்ட்மென்ட் இலக்கம் மட்டும் எழுதிய கடிதம்போல. நாங்கள் அழைத்தால் போய்ச் சேராது. ஆனால் உள்ளிருந்து வெளியே அழைப்பதற்கு அந்த அலுவலகத்தில் தனியாக ஒரு இயந்திரம் இருந்தது. ஆகவே அவர்களே எங்களை அழைப்பதென்று பேசிக்கொண்டோம். அன்ரி வீட்டில் ஒருவரும் எதையும் அழுத்தத் தேவையில்லாமல், வரும் அழைப்பைத் தானாக ஏற்கச் சொல்லித் திரையில் இருக்கும் சின்னப் பெட்டியில் அடையாளம் போட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்து கொடுப்போம்.

நான் எண்களை வாசிக்க, மதுரா அக்காவின் அப்பா, அங்கிள், மற்ற லைனில் லண்டனுக்குச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து அழைக்கச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டு அவர் சேர்ட் மாற்ற மேலே போனார். மதுரா அக்காவும் மேலே சேலை உடுத்திக்கொண்டிருந்தார். அன்ரி குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் கதிரையில் முழங்கால் ஊன்றி, கமராவுக்குக் கிட்டப் போய், லென்ஸில் மூச்சு ஊதி, சந்தனத்தைச் சட்டைக் கையால் துடைத்தேன். திரை திடீரென்று விரிந்தது. ஒரு அலுவலக மேசைக்குப் பின்னால் பட்டுச் சேலைகளும் கோட்டுகளுமாக ஆறேழு பேர். அவர்களுக்குப் பத்து நிமிடம் பொறுக்கவில்லை.

“பிள்ளை வந்திட்டா,” என்றது ஒரு குரல்.

நான் கடையிலிருந்து வந்தவள் என்று சொன்னேன். என் குரல் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வீட்டுச் சவுண்ட் கார்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம், அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கமராவுக்கு இவ்வளவு கிட்ட வந்து பார்க்கிறாளே, கூச்சமில்லாத பிள்ளை என்று சிரித்தார்கள். போட்டோவைவிட மெலிவு என்றார்கள். நடுவில் இருந்த அம்மா, மாப்பிள்ளையின் தாயாக இருக்கவேண்டும், கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார்.

“இப்ப என்ன படிக்கிறீர் பிள்ளை?”

அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பக்கம் அமைதியானது. நான் யார் என்று சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் என் வாய் பதில் சொன்னது.

“படிக்கேல்ல. பத்தாம் வகுப்போட விட்டிட்டன்.”

பிறகு அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கலாம்.

“பாமசிஸ்ட் எண்டல்லோ சொன்னவை? பள்ளிக்கூடமே முடிக்காத ஒண்டை எங்கட தலையில கட்டப் பாக்கினம்.”

படம் போய்விட்டது.

அன்ரி தேநீர்த் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றார். தட்டை மேசையில் வைக்க இடம் தேடியபடியே, “உமக்கு வாய் இல்லையோ? நான் அவ இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்ல என்ன?” என்று கேட்டார். ரெலிபோன் அடித்தது. அங்கிள் ஓடிவந்து எடுத்தார். அது கடையால வந்த பிள்ளை, எங்கட பிள்ளை இல்லை, கடையால வந்த பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து சிரித்தது எனக்குக் கேட்டது. அங்கிளும் சிரித்தார். இரண்டு நிமிடத்தில் மறுபடி அழைப்பார்களாம், முகவரி அதேதான். அன்ரி என்னைக் குசினிக்குள் போய் நிற்கச் சொன்னார். நானும் பையை எடுத்தேன். அப்படியே பின்கதவால் போய் அந்தப் பனியிலும் விட்பி நிலையம்வரை நடந்துவிடலாம் போல இருந்தது.

மதுரா அக்கா சேலையோடு படியிறங்கி வந்தார். என்னை மறித்து, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அங்கிள் ஒன்றுமில்லை என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை.

“உம்மட்டத்தான் கேக்கிறன்.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ‘ஒண்டை’ என்ற சொல்லைக்கூட விடவில்லை.

“என்ர பேரைக் கேட்டவையோ?”

“இல்லை அக்கா.”

அவர் கதிரையில் உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரிசெய்தார். பிறகு, “நீர் ஒருவிடமும் போகவேண்டாம். இதில இரும்,” என்றார்.

இதேபோல வீடுகளுக்குப் போய்ப் பொருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொட்டு வைப்பதானால் கமராவின் தலையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய சவுண்ட் கார்ட் போடுங்கள், இருபது முப்பது டொலர்தான் கூட வரும். தானாக ஏற்கும் பெட்டியில் அடையாளம் போடாதீர்கள்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். அப்போது அழைப்பு வந்தது. ஏற்கவா, மறுக்கவா என்று திரை கேட்டபடி நின்றது. கொம்பியூட்டர் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுமன் பிள்ளை என்றார் அன்ரி பின்னாலிருந்து.

நான் மௌஸை மதுரா அக்காவின் கைப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.